விட்டகுறை தொட்டகுறை

(நீலகிரி மாவட்டத்து ஸ்ரீமதுரையில் ஊர் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. என் கையில் இரண்டு தாள் சுருட்டி வைத்திருக்கிறேன். முதல் தாளை விரிக்கிறேன். வெள்ளைத் தாள். மேலே ஒரு புசுபுசுத் தொப்பி, அதற்குக் கீழே ஒரு கறுப்புக் கண்ணாடி. அவ்வளவுதான். முகம் கிடையாது, பெயர் கிடையாது.

பாருங்கள், முழுசாக விரிக்கக்கூட விடவில்லை. முன்வரிசை அம்மா "எம்ஜிஆரு" என்று சொல்லிவிட்டார். அவர் மடியில் இருக்கிற பேத்தியும் கூடவே சொல்கிறாள். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. இந்தப் பிள்ளைக்கு அவரைத் தெரிய ஒரு வழியும் இல்லை. ஆனாலும் தெரிகிறது.

இப்போது இரண்டாவது தாள். ஓர் இயந்திர மனிதனின் தலை. அந்தத் தலையின் கோட்டுக்குள்ளேயே ஒரு பாலைவனக் காட்சி. யாருக்காவது தெரிகிறதா? பின்னால் ஒரு தம்பி "எந்திரன் சிட்டி" என்கிறார். இல்லை தம்பி. இது ஆலி மாஸ் என்ற இங்கிலாந்து வடிவமைப்பாளர் 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு 2010இல் செய்த மூன்று போஸ்டர்களில் ஒன்று. உலகம் முழுவதும் கொண்டாடினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தத் தலையைப் பார்த்தால் நெஞ்சில் கை வைப்பார்கள். நமக்கு இது ஒரு ரோபோ. தம்பி சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் மனசில் குடியிருக்கிற ரோபோ சிட்டிதான். 'எந்திரன்' வந்ததும் அதே 2010இல்.

இரண்டு தாளிலும் கோடுகள் குறைவு. ஒன்று பேசியது, இன்னொன்று வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். குறைத்து வரைகிற கலையில் வரைகிறவன் செய்வது பாதி வேலை. மீதிப் பாதியைப் பார்க்கிற ஊர் செய்கிறது. ஊர் மனசில் முன்பே இருப்பதைத்தான் தாளிலிருந்து எடுக்க முடியும். "விட்டகுறை தொட்டகுறை" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். போன பிறவியில் விட்டது இந்தப் பிறவியில் வந்து தொட்டுக்கொள்ளும் என்று. போஸ்டர் கலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தாளில் விட்டதைக் கண் போய்த் தொட்டுக்கொள்கிறது.

இந்த வகைக்கு 'மினிமலிஸ்ட் போஸ்டர்' என்று பெயர். ஒரு சினிமா, ஒரு கதை, ஒரு ஆளை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பொருளாக, ஒன்றிரண்டு நிறத்தில் சுருக்கிவிடுவது. பதினைந்து வருஷத்துக்கு முன் இணையத்தில் இது பெரிய அலையாக வந்தது. இந்திப் படங்களுக்கு அக்ஷர் பாதக் இப்படிச் செய்தவை பரவலாகப் பேசப்பட்டன. நம் பிள்ளைகளும் ரஜினி படத்துக்கும் கமல் படத்துக்கும் செய்து பார்த்தார்கள். ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நூறு வயசு தாண்டிவிட்டது.

1906 வாக்கில் பெர்லினில் பிரீஸ்டர் என்ற தீப்பெட்டிக் கம்பெனிக்காக ஒரு போஸ்டர் போட்டி. லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் ஒரு படம் வரைந்தார். மேஜை, மேஜை விரிப்பு, சாம்பல் கிண்ணம், அதில் புகைகிற சுருட்டு, புகைக்குள்ளே ஆடுகிற பெண்கள், ஓரத்தில் தீக்குச்சி. பார்த்த நண்பர் "சுருட்டு விளம்பரம் நன்றாக இருக்கிறது" என்றாராம். பெர்ன்ஹார்டுக்குச் சுருக்கென்றது. ஆடுகிற பெண்களை அழித்தார். சுருட்டை அழித்தார், கிண்ணத்தை, விரிப்பை, கடைசியில் மேஜையையே அழித்தார். மிஞ்சியது கருஞ்சிவப்புப் பின்னணியில் இரண்டு பெரிய தீக்குச்சிகளும் கம்பெனிப் பெயரும். நடுவர்கள் அதை முதலில் ஒதுக்கித் தள்ளினார்கள், பிறகு ஒருவர் எடுத்துப் பார்த்து இதற்குத்தான் பரிசு என்றார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, போஸ்டர் நிலைத்துவிட்டது. பொருளை மட்டும் காட்டுகிற ஒரு ஜெர்மன் பாணியே அதிலிருந்து கிளைத்தது.

தீப்பெட்டி என்றதும் பெர்லினுக்குப் போவானேன், சிவகாசிக்கு வருவோம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெட்டி வந்தால் மேலே ஒட்டப் படம் வேண்டும். படம் அச்சடிக்க அச்சகம் வேண்டும். இன்று சிவகாசி அச்சுக்குப் பேர்போன ஊராக இருப்பதற்கு அந்தக் குட்டிப் படங்களுக்கும் பங்கு உண்டு. இங்கே நாற்பது ஐம்பது வயசுக்காரர்கள் எத்தனை பேர் தீப்பெட்டிப் படம் சேர்த்து விளையாடியிருக்கிறீர்கள்? கைகளைப் பார்க்கிறேன், நல்ல கூட்டம்தான். அது என்ன படம்? தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் ஒரே ஒரு உருவம். பெட்டிக்கடையில் யாரும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "கப்பல் படம் போட்டது குடு" என்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு அந்த உருவம்தான் பெயர். இரண்டு விரல் அகலத்துக்குள் நாலு உருவத்தைத் திணித்தால் எதுவும் தெரியாது. அச்சடித்தவர்களுக்கு இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்றை இந்தத் தேசமே எழுதியது. 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்த வருஷக் கடைசியில் முதல் பொதுத்தேர்தல் தொடங்குகிறது. வாக்காளருக்கு வேட்பாளர் பெயரை எப்படிக் காட்டுவது? வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு சின்னம். சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போடு. பிறகு பல வருஷம் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்ற ஓவியர் உட்கார்ந்து பென்சிலில் சின்னங்களாக வரைந்து தள்ளினார். அவர் 1992இல் ஓய்வு பெற்றார். சீப்பு, மேஜை, விசிறி, ஏணி என்று வீட்டில் புழங்குகிற சாமான்கள்தான். அந்தப் படங்களில் அலங்காரம் இருக்காது. மலையில் இருப்பவரும் கடற்கரையில் இருப்பவரும் ஒரே பார்வையில் "இது இன்னது" என்று சொல்ல வேண்டும்.

1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதுக் கட்சியின் வேட்பாளர் மாயத்தேவருக்கு இரட்டை இலை கிடைத்தது. கட்சி அரசியலை இங்கே விட்டுவிடுங்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள். உதயசூரியனாகட்டும், இரட்டை இலையாகட்டும், காவிக்கட்டியோ சுண்ணாம்போ கையில் இருந்தால் எட்டு வயசுப் பையனும் சுவரில் போட்டுவிடுவான். ஒரு உருவம் எளிமையானதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அடுத்தவன் கையால் வரைந்தும் அது அதுவாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் இவ்வளவு நல்ல பாரம்பரியம் இருந்தும் நம் சுவர்கள் ஏன் இன்று கண்ணைக் குத்துகின்றன? காரணம் பாதி பணம், பாதி மனசு.

நான் இந்தப் போஸ்டர் தொழிலுக்கு வந்தபோது அச்சகத்தில் 'சிங்கிள் கலர்', 'டபுள் கலர்' என்று தனித்தனி ரேட். ஒரு நிறம் கூடினால் ஒரு பிளேட் கூடும், ஒரு ஓட்டம் கூடும், காசு கூடும். அதனால் பிட் நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கூட "சிவப்பு ஒண்ணு போதும்ப்பா" என்பார். ஏழ்மை நமக்கு அளவு சொல்லித் தந்தது. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. எத்தனை நிறம் போட்டாலும் ஒரே விலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அன்றோடு காலி இடத்துக்கு ஆபத்து வந்துவிட்டது.

ஒருமுறை ஒருவர் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பேனர் கேட்டார். நான் ஆசையாக ஒன்று செய்தேன். முழுக்க மஞ்சள், நடுவில் ஒரு சின்னச் சொம்பு, ஓரத்தில் பெயரும் நாளும். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே. என் மச்சான் போட்டோ ஒண்ணு போட்டுரலாமா?" மச்சான் வந்தால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். சித்தப்பா வந்தால் வட்டச் செயலாளரை விட முடியாது. கடைசியில் பேனரில் முப்பத்தெட்டு முகம் இருந்தது. பெண் பிள்ளையின் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய இடத்தைத் தரிசாகப் போட எந்த விவசாயிக்குத்தான் மனசு வரும்? தாளிலிருந்து ஒன்றை எடுப்பது என்றால் யாரோ ஒருவரை விடுவது. விடுவதற்குத் தைரியம் வேண்டும், அதை நான் அன்று அவருக்குக் கொடுக்கவில்லை.

எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்துப் படம் ஒன்றையே வைத்துச் செய்து பார்ப்போம். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை', 1982. கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இவனைத் தெரியவில்லை. இவன் பிளாட்பாரத்தில் பாத்திரத்தைத் தலையில் வைத்துக் குரங்குபோல ஆடிக் காட்டுகிறான். ரயில் போய்விடுகிறது.

இதற்கு ஒரு போஸ்டர். முதலில் படத்தில் இருக்கிற பொருளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: ரயில், தண்டவாளம், மலை, நாய்க்குட்டி, புடவை, பாத்திரம், பிறை நிலா, ஸ்டேஷன் பலகை, கமல் முகம், ஸ்ரீதேவி முகம். இப்போது ஒவ்வொன்றாக அடியுங்கள். முகங்களை அடித்தால் படம் இன்னும் நிற்கிறதா? நிற்கிறது. மலை? நிற்கிறது. நாய்க்குட்டி? கொஞ்சம் வலிக்கும், ஆனாலும் நிற்கிறது. கடைசியில் பாத்திரம் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். நிற்காது. இப்போது அது பாத்திரக்கடை விளம்பரம், பெர்ன்ஹார்டின் சுருட்டுக் கதைதான். ஆக, ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு தண்டவாளக் கோடு, ரயில் இல்லாமல். முடிந்தது. படம் பார்த்தவருக்குத் தொண்டை அடைக்கும். உடையும்வரை எடுத்துக்கொண்டே போவது, உடைந்ததும் கடைசியாக எடுத்ததைத் திரும்ப வைப்பது, அத்தோடு கையைக் கட்டிக்கொள்வது. நான் இதுவரை கற்ற முறை இது ஒன்றுதான்.

சினிமாப் போஸ்டரில் இந்த முறைக்கு ஆசான் சால் பாஸ் என்ற அமெரிக்கர். 1955இல் போதைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றிய 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு அவர் செய்த உருவம் ஒரு கை. காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதுபோல் கோணல்மாணலாக முறுக்கிய ஒரு கறுப்புக் கை. ஊசியைக் காட்டவில்லை, ரத்தத்தைக் காட்டவில்லை. கை ஏன் இப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியை மட்டும் தாளில் வைத்தார்.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சொல்லாமல் விட்டுச் சொல்வதற்கு இலக்கணமே எழுதிவைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியம் உள்ளுறை என்கிறது, இறைச்சி என்கிறது. கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணரவைக்கிற வேலை. புலவர் வேங்கை மரத்தையோ, யானையையோ, கிளி ஓட்டுகிற தினைப்புனத்தையோ தொட்டால் போதும். கேட்பவர் மனசில் மலை வந்துவிடும், நடுச்சாமம் வந்துவிடும், ஒளிந்து சந்திக்கிற இருவர் வந்துவிடுவார்கள். ஒரு பூவின் பெயரே ஒரு நிலத்துக்கும் ஒரு மனநிலைக்கும் பெயராகிவிட்டது, குறிஞ்சி என்று. இந்த மலைகளில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற அதே பூ. பாடியவருக்கும் கேட்டவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் மனப்பாடமாக இருந்ததால்தான் அது நடந்தது. முதலில் சொன்ன தொப்பியும் கண்ணாடியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை நம் காலத்துக் கருப்பொருள்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். குறைப்பதில் ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முண்டாசு, ஒரு முறுக்கு மீசை போட்டால் போதும், சின்னக் குழந்தையும் சொல்லும். அவருடைய புகைப்படங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் சிலவற்றில் அவருக்குத் தாடி இருக்கிறது. அந்தத் தாடி எங்கே போயிற்று? சுவரில், சட்டையில், ஆட்டோவின் பின்புறத்தில் எங்கேயும் இல்லை. மீசை வீரமாக இருந்தது, வைத்துக்கொண்டோம். தாடி வைத்த, களைத்த பாரதி நமக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டோம். எடுப்பவன் கையில் அதிகாரம் இருக்கிறது. எதை எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை ஸ்ரீமதுரையில் வந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. நீலகிரிக்கு வெளியே உள்ளவர்கள் இந்த மாவட்டத்தை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்? மலை ரயில், தேயிலைக் கொழுந்து, தோடர் வீட்டின் வளைந்த கூரை. எந்தச் சுற்றுலாப் போஸ்டரும் இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். மூன்றும் உண்மைதான். மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்தது. ஆனால் அந்தத் தண்டவாளம் ஊட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால்தான் கூடலூர், அதையும் தாண்டி உங்கள் ஊர். உங்கள் வயலில் விளைகிற நெல் அந்தப் போஸ்டரில் இல்லை. பணியர் இல்லை, காட்டுநாயக்கர் இல்லை, முள்ளுக்குறும்பர் இல்லை, வயநாடன் செட்டிமார் இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இந்தத் தாலுகாவில் தேயிலை பறித்து வாழ்க்கையைத் திரும்பக் கட்டியவர்கள் இல்லை. பாரதியின் தாடிபோல, உங்களை யாரோ அழித்துவிட்டார்கள்.

உங்கள் பக்கத்துத் தெப்பக்காடு முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் வாங்கியது. பொம்மனையும் பெள்ளியையும் உலகம் பார்த்தது. நல்ல படம், எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அந்தப் படத்து யானை, குட்டியானை. கையிலிருந்து களி உருண்டை வாங்கித் தின்கிற யானை. உங்களுக்குத் தெரிந்த யானை வேறு ஒன்றும் இருக்கிறது. கதிர் முற்றும் நேரத்தில் வருகிற யானை. உலகத்துக்கு அது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நேற்று மாலை இங்கே வந்து இறங்கியதும் வயலோரம் நடந்தேன். ஒரு பரண் கண்ணில் பட்டது. நாலு கால், மேலே ஒரு தட்டு, ஓலை போலப் போர்த்திய ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட். நான் சங்கப்பாட்டில் படித்த பரண். அங்கே தினைக்குக் கிளி ஓட்டினார்கள், இங்கே நெல்லுக்கு யானை ஓட்டுகிறார்கள். இரவு அதே இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பரண் தெரியவில்லை, வயல் தெரியவில்லை. இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

அதைத்தான் மூன்றாவது தாளாகக் கொண்டுவந்திருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து செய்தது, மை இன்னும் சரியாகக் காயவில்லை. விரிக்கிறேன். முழுக்கக் கறுப்பு. மேலே இடது மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு மஞ்சள். வேறு எதுவும் இல்லை. சென்னையில் இதை மாட்டினால் நிலா என்பார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் மெதுவாக "எந்தப் பக்கமா வருது?" என்று கேட்டார். நான் யானையை வரையவே இல்லை.

இந்தக் கூடத்தில் இருக்கிறவர்களின் வீடுகளில் தமிழ், மலையாளம், பணியர் மொழி, செட்டிமார் பேச்சு என்று பலதும் புழங்குகிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் போகலாம். இந்த மஞ்சள் பொட்டைப் படிக்க முடியாதவர் இந்த ஊரில் கிடையாது. முதல் தேர்தலில் பெட்டிமேல் ஒட்டிய சின்னம் செய்த வேலையை இங்கே இந்தப் பொட்டு செய்கிறது.

அதனால் பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு விண்ணப்பம். ஸ்டார் வார்ஸுக்கும் ரஜினிக்கும் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்களும் செய்யுங்கள், கை பழகும். ஆனால் இந்த ஊருக்கு ஒன்று செய்யுங்கள். மலை ரயிலை வரையாதீர்கள். பாட்டியிடம் போய் உட்கார்ந்து, இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, வெளியே ஒருவருக்கும் தெரியாத பொருள் எது என்று கேளுங்கள். அதை மட்டும் ஒரு தாளில் வையுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கறுப்பு மையும் ஒரு நிறமும் போதும். இந்தக் கூடத்தின் வெளிச்சுவர் காலியாகத்தான் இருக்கிறது. மைதா பசை காய்ச்ச ஒரு வாளி போதும். ஜூன் மாதம் மழை வந்துவிட்டால் கூடலூர்ப் பக்கம் எந்தப் பசையும் நிற்காது என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் ஒட்டிவிடுங்கள்.